மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எந்தச் சின்ன கார்?

2025 ஜூன் 14, வாசகர் கேள்வி

நானும் மனைவியும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், ராசிபுரம் பக்கம். தினம் பள்ளிக்குப் போக ஆளுக்கொரு ஸ்கூட்டர் இருக்கிறது. கார் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கும், கல்யாணம் காட்சிக்கும், தர்மபுரியில் இருக்கும் மாமனார் வீட்டுக்கும்தான். மாதம் 500 கிலோமீட்டர் தாண்டாது. ஆன்ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 6 லட்சம் வரை போகலாம். பெட்ரோல் விற்கிற விலைக்கு மைலேஜ்தான் முக்கியம். வேகன் ஆர் சி.என்.ஜி. எடு, கேஸ் கிலோவுக்கு 34 கிலோமீட்டர் தரும் என்கிறார் மைத்துனர். பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளவும் தயார். எடுத்துவிடலாமா?

ஜூன் 14, இரவு

எடுக்க வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதுகிறேன். மைத்துனர் மாதம் எவ்வளவு ஓட்டுகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 15

மைத்துனர் மருந்துக் கம்பெனி ரெப், மாதம் 2,500 ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அது சரியான வண்டி. உங்களுக்கு இல்லை.

நான் நாமக்கல்காரன், வீட்டில் லாரி இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வண்டியைப் பற்றிப் பேசினால் "கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது" என்பதுதான் முதல் கேள்வி. டீசல், டயர், டிரைவர் படி, பெர்மிட், டியூ எல்லாம் அதில் அடக்கம். அதே ஆட்கள் கார் வாங்கப் போகும்போது மட்டும் மைலேஜ் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கணக்குக்கு வருவோம். பெட்ரோல் 101 ரூபாய் என்று வையுங்கள். வேகன் ஆர் பெட்ரோல் நம் ரோட்டில் ஏ.சி. போட்டு 18 தரும் என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 60 காசு. சி.என்.ஜி. கிலோ 92 ரூபாய், நிஜத்தில் 26 தரும் என்றால் 3 ரூபாய் 55 காசு. மிச்சம் சுமாராக 2 ரூபாய். கேஸ் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது 90 ஆயிரம் அளவில்.

மைத்துனர் வருடம் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார், 60 ஆயிரம் மிச்சம். ஒன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிட்டது. நீங்கள் வருடம் 6 ஆயிரம், மிச்சம் 12 ஆயிரம். 90 ஆயிரம் திரும்ப ஏழரை வருடம். சனி பகவானே போய்விடுவார், அதுவரை உங்கள் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். மாமனார் வீட்டிலிருந்து தேங்காய் மூட்டை கொடுத்தால் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்கும்போது கேஸ் வண்டிக்குக் கூடுதல் விலை கிடைக்குமே என்று யாராவது வருவீர்கள். கிடைக்கும், போட்ட 90 ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தம் தாங்குகிறதா என்ற சோதனை) எடுக்க வேண்டும். பங்க்கில் ஆட்டோக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வண்டியில் இருக்கும் எல்லோரும் இறங்க வேண்டும், தூங்குகிற குழந்தை உட்பட. அழுத்தம் குறைவான நேரத்தில் போனால் பாதி கேஸ்தான் ஏறும். தினம் ஓடுகிறவர் இதையெல்லாம் பழகிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு இது தேவையில்லாத தலைவலி.

ஜூன் 15, பின்னிரவு

மேலே எழுதியதில் பெரிய செலவை இன்னும் தொடவே இல்லை. 6 லட்சத்துக்கு வாங்குகிற வண்டி ஐந்து வருடம் கழித்து 3 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 60 ஆயிரம் காற்றில். 6 ஆயிரம் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். பெட்ரோல் வெறும் 5.60. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருடம் 15 ஆயிரம் என்றால் இன்னொரு இரண்டரை ரூபாய். ஆக மொத்தம் 18 ரூபாய், அதில் மூன்றில் ஒரு பங்குகூட பெட்ரோல் இல்லை. நீங்கள் அந்தப் பங்கைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூன் 17

"அப்படியானால் கார் எதற்கு, ஒருவழி டாக்ஸியே 14, 15 ரூபாய்க்கு வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப்படி சரியான கேள்வி. குறைவாக ஓட்டுகிற நிறையப் பேருக்கு டாக்ஸிதான் லாபம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் எந்த ஆப்பைத் திறப்பது? எங்கள் தெருவில் பாதி கார்கள் அந்த ஒரு ராத்திரிக்காகவே வாங்கியவை. அந்த நிம்மதிக்கு விலை வைக்க முடியாது, சரி. வைக்க முடியாது என்பதற்காக 9 லட்சம் கொடுக்கவும் வேண்டாம். 3 லட்சம் வண்டியும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

ஜூன் 22

மைலேஜ் எண்களைப் பற்றிச் சண்டை தொடங்கிவிட்டது. ஒருவர் மாருதி செலேரியோ லிட்டருக்கு 26.68 என்கிறார், இன்னொருவர் தன்னுடையது 19 தாண்டவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்.

இரண்டும் உண்மை. 26.68 என்பது அராய் (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழ் எண், அதுவும் ஏ.எம்.டி. (தானே கியர் மாற்றும்) வேரியன்ட் ஒன்றுக்கு. வண்டியை ரோலர் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி, ஏ.சி. இல்லாமல் எடுப்பது. உச்ச வேகம் 90. மாடு குறுக்கே வராது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. அது ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கான எண். அதை வைத்து உங்கள் மாதச் செலவைக் கணக்குப் போடக் கூடாது. நான் எப்போதும் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் யோசிப்பேன்.

என்னுடையது 2016 ஆல்டோ 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் அராய் எண் 24.7. அதே 796 சிசி இன்ஜின் பி.எஸ்.6 புகை விதிக்கு மாறியபோது 22.05 ஆகக் குறைந்தது. எனக்கு ஊருக்குள் 16, சேலம் ரோட்டில் 80-ஐத் தாண்டாமல் போனால் 20. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 10 தருகிற வண்டியிலிருந்து 12 தருவதற்கு மாறினால் உங்கள் வருட ஓட்டத்துக்கு 100 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 22-க்கு மாறினால் 27 லிட்டர்தான். ஏறுவது அதே 2 தான், மிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. சின்ன கார்கள் எல்லாமே ஏற்கெனவே 18-ஐ ஒட்டி நிற்பவை. அந்த உயரத்தில் இரண்டு கூடுவதற்கும் குறைவதற்கும் அடித்துக்கொள்வது வீண்.

ஜூன் 23

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்பிப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு: டேங்க் நிரப்புங்கள், பம்ப் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை அதே பங்க்கில் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று டேங்க் சராசரி எடுத்த பிறகு சண்டைக்கு வாருங்கள்.

ஜூன் 29

சிசி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 1,000 சிசிக்குள் இருந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வருடம் 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1,500 வரை 3,416. புது வண்டிக்கு மூன்று வருடம் சேர்த்து முதலிலேயே கட்டச் சொல்வார்கள்: 6,521, 10,640. ஆல்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர் சின்ன இன்ஜின் எல்லாம் 998 சிசியில் நிற்பதற்கு இப்படி ஒரு பலன் இருக்கிறது. டாடா டியாகோ 1,199, அதனால் அடுத்த படி. வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம், இதற்காக வண்டியை மாற்ற வேண்டாம். ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்காகச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஜூலை 6

பழைய வண்டி பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். நல்லது. 6 லட்சம் பட்ஜெட்டில் இரண்டரை லட்சத்துக்கு ஏழெட்டு வருட வண்டி ஒன்று. ஐந்து வருடம் ஓட்டி ஒன்றே கால் லட்சத்துக்குத் தள்ளினால் வருடத்துக்கு 25 ஆயிரம்தான் போகிறது. ரிப்பேருக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். அப்படியும் கிலோமீட்டருக்கு 13, 14 ரூபாயில் நிற்கும்.

ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போக வேண்டும். நான் பார்க்கிற விதம் இது. பெயின்ட் மினுமினுப்பை நான் பார்ப்பதே இல்லை. கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்து உருவுவேன். உள்ளே தகட்டில் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சம இடைவெளியில் வட்ட வட்டமாகத் தெரிய வேண்டும். புள்ளி இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தாலோ, புட்டி தட்டினாலோ அந்தப் பக்கம் அடிபட்ட வண்டி. பானெட், ஃபெண்டர் போல்ட்களின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. நான்கு கண்ணாடியிலும் ஒரே கம்பெனி, ஒரே வருடக் குறி இருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2018 வண்டி, 30 ஆயிரம்தான் ஓடியது என்று சொல்லும் மீட்டருக்கு 2022 டயர் நான்கு எதற்கு என்று கேளுங்கள்.

அடுத்தது சீட் பெல்ட். முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி அடி வரைக்கும். அங்கே மண் கோடு தெரிந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. சீட் கவரை மாற்றுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பாகத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் அங்கேயேவா இருக்கும்? டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கையை விட்டுத் தடவுங்கள். நல்ல வண்டி என்றால் தூசி வரும். வண்டல் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆல்டோ 800 என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். கே10-இல் செயின், அந்தத் தொல்லை இல்லை.

காகிதம்: ஆர்.சி.யில் கடன் கொடுத்த பேங்க் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் கட்டி முடித்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிய கையோடு பெயர் மாற்றப் போய்விடுங்கள், நாள் தள்ளாதீர்கள்.

ஜூலை 9

"டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர்" என்று ஒரு விளம்பரத்தை அனுப்பி நம்பலாமா என்கிறார். சேலத்துச் சந்தையில் நிற்கிற பழைய கார்களில் முக்கால்வாசி டாக்டர் ஓட்டியதுதான். மீதி டாக்டரின் மனைவி ஓட்டியது. இத்தனை டாக்டர்கள் இருந்தால் நாம் ஏன் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறோம்? பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 11

ஈ20 பெட்ரோல் பற்றி இங்கேயும் புயல் வந்துவிட்டது. பழைய வண்டி வாங்க நினைத்தவர்கள் பயந்து போயிருக்கிறார்கள்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவீதம் கலந்தால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்குப் பொருத்தமாக அமைத்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் குறையும் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. 6 என்றே வைத்துக்கொள்வோம். 18 தந்த வண்டி 17 தரும், உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 170 ரூபாய் சொச்சம் கூடும். அதற்கு மேல் பயப்பட வேண்டியது பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், வாஷர், கேஸ்கெட் வகையறாவுக்குத்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் இந்தக் கவலை குறைவு. பழையது வாங்கினால் முதல் சர்வீஸிலேயே ஃப்யூல் லைனை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

என் ஆல்டோவில் குறைந்ததா என்கிறார்கள். நோட்டைப் புரட்டினால் ஒரு கிலோமீட்டர் குறைந்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதே சமயம் டயரும் தேய்ந்து மாற்றினேன், கோடையில் ஏ.சி.யும் ஓயாமல் ஓடியது. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. உறுதியாகச் சொல்கிறவர்கள் எப்படித்தான் பிரிக்கிறார்களோ.

ஆகஸ்ட் 18

ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்துவிட்டது: தொடக்க விலை 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும். மாதம் ஒரு தர்மபுரிப் பயணத்துக்கே சாவடிக் காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். சுங்கச்சாவடிக்கு ஆல்டோவும் ஃபார்ச்சூனரும் ஒன்றுதான், ஒரே கட்டணம். சின்ன வண்டிக்காரன் இளக்காரம் இல்லாமல் நடத்தப்படுகிற ஒரே இடம், அதற்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 5

ஆசிரியரே, எங்கேயும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 22-ஆம் தேதி முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிறது, மேலே இருந்த செஸ்ஸும் போகிறது. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள். நீங்கள் பார்க்கிற எல்லாமே இதற்குள் வரும். "இன்றைக்கே புக் பண்ணினால் ஸ்பெஷல் ஆஃபர்" என்று உங்களுக்கு போன் போட்ட அந்த ஷோரூம்காரருக்கும் இந்தச் சேதி தெரியும்.

செப்டம்பர் 27

விலை இறங்கிவிட்டது. கே10 தொடக்க விலை 4.23 லட்சத்திலிருந்து 3.70. இப்போது என் ஜூன், ஜூலைக் கணக்குகளைப் புதிதாகப் போட வேண்டும்.

கே10-இல் நடு வேரியன்ட் ஷோரூம் விலை 5 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் ஆயுட்கால வரி 12 சதவீதம். 5 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 13. செலேரியோ நடு வேரியன்ட் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. கே10 ஆன்ரோடு 5.2 அளவில் முடிகிறது என்று வைத்து, ஐந்து வருடத்தில் பாதி போனால் கிலோமீட்டருக்கு 8.70. ஜூனில் 10 என்று போட்டிருந்தேன். ஒரு ரூபாய் முப்பது காசு இறங்கியிருக்கிறது. அதில் ஒரு ரூபாயை மட்டும் மைலேஜில் பிடிக்க வேண்டும் என்றால் 18 தரும் வண்டி 22 தர வேண்டும். எந்த இன்ஜினியரும் கொடுக்காததை ஒரு வரிக்குறைப்பு கொடுத்துவிட்டது.

பழைய வண்டி விற்கிறவர்கள் இன்னும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருட கே10-க்கு 4 லட்சம் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். இன்றைய நிலையில் இரண்டே வழிதான் எனக்குத் தெரிகிறது: புதிது, அல்லது ஏழு வருடத்துக்கு மேற்பட்ட நல்ல பழையது. நடுவில் இருப்பதை வாங்குகிறவர் முதல் ஓனரின் நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். ஜூலையில் பழையதுதான் லாபம் என்று பட்டது. இப்போது வித்தியாசம் குறைந்திருக்கிறது.

அக்டோபர் 19

ஆசிரியரின் மைத்துனர் நேரடியாகவே வந்துவிட்டார். வாங்க. தர்மபுரி, சேலம் நடுவே தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம், மச்சானுக்குச் சொல்லுங்கள் என்கிறார்.

தயவுசெய்து சொல்லாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடித்தாக வேண்டும். ஆக மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடியும் இல்லை, பாரம் முழுக்க பிரேக் மேல். தொப்பூரில் லாரிகள் முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறுவதற்கு இந்த நியூட்ரல் ஒரு முக்கியக் காரணம். எங்கள் ஊர் டிரைவர்கள் எத்தனை பேர் அந்த இறக்கத்தில் போனார்கள் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்வார்கள். மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

ஏ.எம்.டி. வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு முட்டி வலி என்றால் எடுங்கள், அது நல்ல காரணம். மைலேஜுக்காக என்றால் வேண்டாம். கே10-இல் மேனுவல் 24.39, ஏ.எம்.டி. 24.90, அரை கிலோமீட்டர்கூட நிஜ ரோட்டில் தெரியாது. நண்பரின் ஏ.எம்.டி.யில் காரவல்லியிலிருந்து கொல்லிமலை ஏறியிருக்கிறேன், எழுபது கொண்டை ஊசி. திருப்பத்தில் வேகம் குறைந்ததும் எந்தக் கியர் என்று அது யோசிக்கும், நாம் வேர்த்துக்கொண்டிருப்போம். மேனுவல் மோடில் போட்டு நாமே மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. பிறகு எதற்கு ஏ.எம்.டி. என்று பின்சீட்டிலிருந்து அவர் மனைவி கேட்டார். பதில் இல்லை.

நவம்பர் 23

இத்தனை நாள் காசு காசு என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆல்டோவோடு பக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போனால் எனக்கே வயிறு கலங்குகிறது. அதையும் எழுதிவிட வேண்டும்.

கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் ஆல்டோ 800-ஐ மோதிப் பார்த்து பூஜ்யம் கொடுத்தது. 2023-இல் கே10-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரம், வேகன் ஆருக்கு ஒன்று. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் பூஜ்யம். டியாகோ 2020-இல் நான்கு வாங்கியது. கே10-க்கு 2025 மார்ச்சிலிருந்து ஆறு ஏர்பேக் வருகிறது, அது அந்தச் சோதனைக்குப் பிந்தியது.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் ஆல்டோவையே சொல்வேன். மாதம் ஒரு தடவை நால்வழிச் சாலையில் குடும்பத்தோடு தர்மபுரி போகிறவருக்கு, டியாகோ இரண்டு கிலோமீட்டர் குறைவாகக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் சாயலாம் என்று தோன்றுகிறது. ஓட்டம் குறைவாக இருப்பதால் கூடுதல் பெட்ரோல் மாதம் 300-ஐச் சுற்றித்தான் வரும். மைலேஜ் முக்கியமில்லை என்று ஜூனிலிருந்து கத்துகிறவன் இந்த இடத்தில் மட்டும் மைலேஜைக் காட்டி ஆல்டோவுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. பழையது வாங்குகிறவர்களும் இரண்டு ஏர்பேக் இல்லாததை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். ஆம், என்னுடையதில் ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

2026 ஜனவரி 11

ஆசிரியர் டியாகோ எடுத்துவிட்டார், பெட்ரோல், மேனுவல். பொங்கலுக்கு முன்னால் வண்டி வருகிறது. வாழ்த்துகள். ஆன்ரோடு 6 லட்சத்தைச் சிறிது தாண்டியது என்கிறார், அதில் இன்னும் குறைக்க இடம் இருக்கிறது. கொட்டேஷன் காகிதத்தைப் படம் போட்டிருக்கிறாரே, பாருங்கள்: "பேசிக் கிட்" என்று ஒரு வரி. மேட், மட்ஃபிளாப், கார் கவர், ஒரு பெர்ஃப்யூம். வெளியில் வாங்கினால் அதில் பாதிகூட ஆகாது, வேண்டாம் என்று சொல்லலாம். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று இன்னொரு வரி, எதைக் கையாண்டார்களோ தெரியவில்லை, அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தக் காகிதத்தை மேசை மேல் வையுங்கள், அவர்களே இறங்கி வருவார்கள்.

இதற்கு முன் உங்கள் பெயரில் கார் எதுவும் இல்லை என்பதால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50. 2 ஆயிரம் ரூபாய்க் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டயர் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி வையுங்கள், பங்க் பையன் எல்லா வண்டிக்கும் 35 என்று அடிப்பான்.

பிப்ரவரி 8

வண்டி பத்து நாளாக அப்படியே நிற்கிறது, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வைத்தால் போதுமா என்கிறார். போதாது. பத்து நாள் நின்று இறங்கிய பேட்டரியை அந்த ஐந்து நிமிடம் நிரப்பிவிடாது. வாரம் ஒரு தடவை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், காய்கறி வாங்கியாவது.

பானெட்டுக்குள் எலி வராமல் இருக்கப் புகையிலையைத் துணியில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார் ஒருவர். எங்கள் வீட்டு எலிக்கு அது பிடித்துப் போய்விட்டது. வயர் கடித்தால் டியாகோவோ ஆல்டோவோ ஆயிரக்கணக்கில் போகும், நின்றே கிடக்கும் வண்டிக்குத்தான் இந்தச் செலவு அதிகம். நாயும் கோழியும் திரிகிற வாசலில் நிறுத்துங்கள். தவிட்டு மூட்டையை வண்டிப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ராத்திரி நிறுத்தியதும் பானெட்டை ஒரு சாண் திறந்து வைக்கிறேன், வெளிச்சம் பட்டால் எலி வராது என்று மெக்கானிக் சொன்னார். இதுவரை வரவில்லை. பானெட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு "என்ன ரிப்பேர்" என்று கேட்கிற ஆட்கள்தான் வருகிறார்கள்.